வெளியே நின்று கேட்ட விசில்

ரெண்டு வாரத்துக்கு முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு, எங்கள் வீட்டுத் துணி பீரோவுக்குள் தலையை விட்டுக்கொண்டு நான் விசில் ஊதினேன்.

ஒரு தடவை இல்லை. பதினான்கு தடவை.

"ரிட்டயர் ஆனா சில பேருக்கு இப்படி ஆகும்னு கேள்விப்பட்டிருக்கேன். ஒம்போது வருஷம் கழிச்சா ஆகும்?" என்றாள் சரோஜா. சரோஜா என் மனைவி. இந்தப் பத்தியை அச்சுக்குப் போவதற்கு முன்பே படித்து, "இதெல்லாம் யாரு படிக்கறாங்க?" என்று கேட்பவள்.

நான் இருபத்தெட்டு வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவன் என்பது வழக்கமாகப் படிப்பவர்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன்... தாம்பரத்தைச் சுற்றித்தான் என் சர்வீஸ் முழுவதும். வண்டலூர், கேளம்பாக்கம், கோவளம் என்று எல்லாப் பக்கமும் போயிருக்கிறேன். இந்த வாரம் மட்டும் ரூட் நம்பரைக் கேட்காதீர்கள். ஏன் என்று படித்தால் உங்களுக்கே தெரியும்.

பீரோ விஷயத்துக்கு வருகிறேன்.

தேவி என்று ஒரு பெண் போன் செய்தாள். விளம்பரப் படங்களுக்கு ஒலிப்பதிவு செய்யும் ஸ்டூடியோ ஒன்றில் வேலை பார்க்கிறாளாம். "சார், எனக்கு கண்டக்டர் விசில் வேணும். நெட்ல தேடினா எல்லாம் ஃபுட்பால் விசிலா வருது. நீங்க ஊதித் தர முடியுமா?" என்றாள்.

முடியுமாவா? பேச்சாளரிடம் போய் மைக் வேணுமா என்று கேட்கிற மாதிரி! அன்றைக்கே வரச் சொல்லிவிட்டேன்.

பஸ் விசிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் சொல்கிறேன், எனக்குப் பிடித்த விஷயம். ஒரு விசில் என்றால் வண்டி நிற்கும். ரெண்டு விசில் என்றால் புறப்படும். டிரைவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். அறுபது பேர் உட்கார்ந்தும் தொங்கியும் வருகிற வண்டி, என் வாயில் இருக்கும் ஒரு சின்ன உலோகத்துண்டின் பேச்சைக் கேட்கும். கல்யாணமாகி நாற்பது வருஷத்தில் வீட்டில் என் பேச்சு எவ்வளவு எடுபட்டிருக்கிறது என்று யோசித்தால், அந்த விசிலின் அருமை உங்களுக்குப் புரியும்.

அதிலும் என் ரெண்டு விசில் கொஞ்சம் ஸ்பெஷல். முதல் விசிலைச் சின்னதாக வெட்டி, ரெண்டாவதை நீட்டுவேன். பிப்... பீஈஈப்! கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் இது யார் வண்டி என்று டிப்போவில் சொல்லிவிடுவார்கள்.

தேவி வந்தாள். ஜீன்ஸ், தலையில் மல்லிகைப்பூ, தோளில் பெரிய பை. பையிலிருந்து ரோமம் வைத்த மைக் ஒன்றை எடுத்தாள். சேலையூரில் பகலில் சத்தமில்லாத ஒரு நிமிஷம் கிடைக்குமா? தண்ணீர் கேன் வண்டி வந்தது. எதிர்வீட்டு குக்கர் கத்தியது. தலைக்கு மேல் விமானம் போனது. கடைசியில் அவளே வீட்டைச் சுற்றிப் பார்த்து, "சார், அக்காவோட பொடவை பீரோதான் கரெக்ட். துணி எல்லாம் எக்கோவை இழுத்துக்கும்" என்றாள். பட்டுப்புடவைகளுக்கு நடுவே தலையை நீட்டி, பாச்சை உருண்டை வாசனையோடு, பதினான்கு தடவை ஊதினேன்.

"என்ன படம்மா?" என்று கேட்டேன். டைட்டிலில் பெயர் வருமா என்கிற நப்பாசை.

"படம் இல்ல சார். சவுண்ட் வாக். ஹெட்போன் மாட்டிக்கிட்டு ஒரு ரோட்ல நடக்கணும். அந்த ரோட்ல முன்னாடி என்ன நடந்துச்சோ, அதோட சத்தம் காதுல கேக்கும்."

நடக்கத் தெரியும். சத்தம் பற்றி தாம்பரம்வாசிக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். ரெண்டையும் சேர்த்தால் கலையா? என் முகத்தைப் பார்த்துவிட்டு அவள் வேறு எதுவும் விளக்கவில்லை. லேப்டாப்பில் ஏதோ தட்டினாள். ஹெட்போனை என் காதில் மாட்டினாள்.

முதலில் காற்று... கடற்காற்று. ஈரமான காலடிகள், நாலைந்து பேருடையவை. அலுமினிய அன்னக்கூடைகளைத் தரையில் வைக்கும் சத்தம். பெண்கள் ஏதோ பேசிச் சிரிக்கிறார்கள். தூரத்தில் ஒரு பஸ். கிட்டே வருகிறது. பிரேக் லேசாக முனகுகிறது. பெண்கள் பேச்சை நிறுத்துகிறார்கள்.

பிப்... பீஈஈப்!

பஸ் வேகமெடுத்துப் போகிறது. ஒரு பெண் "ச்சை" என்கிறாள். கூடைகள் தரையிலிருந்து எழும்புகின்றன. மறுபடியும் காலடிகள்.

அவ்வளவுதான். ஒரு நிமிஷம்கூட இருக்காது. ஹெட்போனைக் கழற்றினேன்.

"எங்க அம்மா மீன் விக்கறவங்க சார்" என்றாள் தேவி, ஒயரைச் சுருட்டிக்கொண்டே. "கோவளத்துக்குப் பக்கத்துல குப்பம். கேளம்பாக்கம் வரைக்கும் தலையில வெச்சு நடந்துதான் போவாங்க. அங்க விக்கலன்னா வண்டலூர் பக்கம் வரைக்கும். நாத்தம் அடிக்குதுன்னு பஸ்ல ஏத்த மாட்டாங்க. எங்க ஆயா காலத்துலேர்ந்து அப்படித்தான். அந்த ரோட்டைத்தான் இப்ப திரும்ப நடக்கப் போறோம்."

அவள் குரலில் கோபம் இல்லை.

"நெறைய கண்டக்டருங்க இருக்காங்களேம்மா... என்னை எப்படிப் புடிச்ச?"

"அம்மாதான் சார் சொன்னாங்க. உங்க பத்தி வந்த பேப்பர்ல மீன் கட்டும்போது உங்க போட்டோவைப் பாத்துட்டு, 'இந்த ஆளு விசிலு வேற மாதிரி இருக்கும், இவனையே கேளு'ன்னாங்க."

எழுத்தாளனுக்கு எத்தனையோ விதமான புகழ் வரும். எனக்கு இப்படி வந்தது.

"வேணாம்னா சொல்லுங்க சார், உங்க விசிலை எடுத்துடறேன். சனிக்கிழமைக்குள்ள சொன்னா போதும். ஞாயித்துக்கிழமை வாக். அம்மாவும் வராங்க. நீங்களும் வாங்களேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். சரோஜா கொடுத்த காபி டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள். அது வேறு எனக்கு உறுத்தியது.

நான் செய்தேனா? செய்தேன். உங்களிடம் பூசி மெழுகி என்ன ஆகப் போகிறது?

தூரத்திலிருந்தே தெரியும். ஸ்டாப்பில் வரிசையாக வெயிலில் மின்னும் அன்னக்கூடைகள். டிரைவர் பழக்கத்தில் பிரேக்கில் கால் வைப்பார். அவர் மிதிப்பதற்கு முன்பே நான் ரெண்டு ஊதிவிடுவேன். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "பின்னாடி வண்டி வருது!" என்று ஒரு சத்தம் கொடுப்பேன். பின்னால் எந்த வண்டியும் வராது என்பது எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். வண்டிக்குள் நாலு பேர், "நல்ல வேலை பண்ணீங்க கண்டக்டர்" என்பார்கள். எனக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கும்.

அன்று மத்தியானம் சாப்பிடும்போது சரோஜாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"ரூல் அப்படி. பேசஞ்சருக்கு எடைஞ்சலா இருக்கற லக்கேஜை ஏத்தக் கூடாது" என்று முடித்தேன்.

"எங்க எழுதியிருந்துச்சு?"

யோசித்தேன். எங்கேயாவது எழுதியிருந்ததா என்று நினைவில்லை. இருந்திருந்தாலும் நான் படித்ததில்லை. என் தோல்பையில் லக்கேஜ் டிக்கெட் கட்டு எப்போதும் இருந்தது என்பதுதான் நினைவுக்கு வந்தது. பலாப்பழத்துக்கு லக்கேஜ் போட்டிருக்கிறேன். கோழிக்குப் போட்டிருக்கிறேன். மாடம்பாக்கம் கோயில் திருவிழாவுக்குப் போன மல்லிகைப்பூ மூட்டைக்குப் போட்டிருக்கிறேன். ஒரு தடவை ஆடு. அது வண்டிக்குள் என்ன செய்தது என்று எழுதினால் ஆசிரியர் வெட்டிவிடுவார். அதையெல்லாம் ஏற்றினவன், மீனை மட்டும் ஏற்றவில்லை.

மீனையா? மீன்காரிகளையா? இந்தக் கேள்வியைச் சரோஜா கேட்கவில்லை. ரசம் ஊற்றினாள். நானே கேட்டுக்கொண்டேன்.

சனிக்கிழமை வரை நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. "என் விசிலை எடுத்துடும்மா" என்று சொல்ல மூன்று தடவை போனை எடுத்தேன். எடுத்துவிட்டால் யாருக்கும் தெரியாது. இந்தப் பத்தியில் நீங்கள் பார்க்கிற ஜாலியான கண்டக்டர் ஜாலியாகவே இருப்பான். சில்லறை இல்லாத கதை, தூங்கிப்போய் டெர்மினஸில் எழுந்த மாப்பிள்ளை கதை என்று ஆயுசுக்கும் ஓட்டலாம். ஆனால் அந்த ஒரு நிமிஷச் சத்தம் காதைவிட்டுப் போகவில்லை. காரணமும் தெரிந்தது. இருபத்தெட்டு வருஷம் அந்த விசிலை ஊதியிருக்கிறேன்... ஒரு தடவைகூட வெளியே நின்று கேட்டதில்லை. எல்லாத் தடவையும் வண்டிக்குள்ளிருந்தேதான் கேட்டிருக்கிறேன்.

சனிக்கிழமை சாயங்காலம் சரோஜா சொன்னாள்: "போயிட்டு வாங்க. திட்டினா வாங்கிக்குங்க. அடிச்சாலும் வாங்கிக்குங்க. ஆனா தொப்பி போட்டுக்கிட்டுப் போங்க, வெயில் ஜாஸ்தி."

ஞாயிறு காலை ஆறு மணிக்குக் குப்பத்தில் இருந்தேன். படகுகளுக்குப் பக்கத்தில் ஸ்கூட்டரை நிறுத்தினேன். வழியெல்லாம் ஒரு மன்னிப்பு உரையை ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்திருந்தேன். நல்ல உரை. நடுவில் ரெண்டு இடத்தில் குரல் தழுதழுக்க வேண்டும் என்பது வரை தயார்.

இருபது பேர் வந்திருந்தார்கள். ஓ.எம்.ஆர். பக்கத்து ஐ.டி. இளைஞர்கள், ரெண்டு கல்லூரிப் பேராசிரியைகள், அடி எண்ணும் வாட்ச் கட்டிய ஒருவர். எல்லோர் காலிலும் விலை உயர்ந்த ஷூ, முகத்தில் துக்க வீட்டுக்கு வந்த களை. அவர்களுக்கு நடுவே ஆறு மீன்காரப் பெண்கள், ஆளுக்கொரு காலி அன்னக்கூடையோடு. அவர்கள் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

ஆறு பேரில் உயரமானவர் என்னைப் பார்த்தார். வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு மாற்றினார்.

"ஏய்... ரெண்டு விசிலு வந்துட்டான்டி!"

ஆறு பேரும் சிரித்த சிரிப்பில் படகின் மேல் உட்கார்ந்திருந்த காக்கைகள் பறந்தன. இத்தனை வருஷமாக எனக்கு ஒரு பட்டப்பெயர் இருந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை.

அவர்தான் தேவியின் அம்மா, கன்னியம்மா. நான் தொப்பியைக் கழற்றினேன். உரையை ஆரம்பித்தேன். "ஏம்மா, அந்தக் காலத்துல நான்..."

"இரு சார். நின்னுகினு பேசினா வெயில் ஏறிக்கும். மொதல்ல நட" என்றார். உரை அங்கேயே முடிந்தது.

நடந்தோம். எங்களுக்கெல்லாம் ஹெட்போன். பெண்கள் மட்டும் வேண்டாம் என்றுவிட்டார்கள், தலையில் சும்மாட்டுத் துணி வைக்க இடைஞ்சலாம். அதனால் தேவி ஒரு குட்டி ஸ்பீக்கரைக் கன்னியம்மாவின் கூடைக்குள் போட்டிருந்தாள். கூடையே பேசுவது போல அவர் தலை மேலிருந்து சத்தம் வந்தது.

காதில் பழைய குரல்கள், ஒவ்வொன்றும் அவரவர் சொன்னபடியே. மீன் தண்ணீர் கழுத்தில் வழிந்து ஜாக்கெட் காயாமலே இருந்தது பற்றி ஒருவர். நடந்து போய்ச் சேர்வதற்குள் மீன் வாடிவிட, அதற்குள் சைக்கிளில் ஐஸ் பெட்டிக்காரன் வந்து விற்றுவிட்டுப் போயிருப்பது பற்றி இன்னொருவர். கதை பெரியதில்லை. ஆனால் அதே ரோட்டில், அதே உப்புக் காற்றில் நடந்துகொண்டே கேட்கும்போது கால் கனத்தது. ஒரு கல்வெட்டு வைத்திருந்தால் நின்று, படித்து, போட்டோ எடுத்துக்கொண்டு போயிருப்பேன். கல்வெட்டுக்கு முன்னால் யாருக்கும் வேர்ப்பதில்லை.

முதல் ஸ்டாப். உப்பளத்தை ஒட்டி ஒரு கம்பம், ஒரு போர்டு. தேவி முன்பே சொல்லியிருந்தாள்: ரெண்டு விசில் கேட்டதும் எல்லோரும் கண்ணை மூடி, ரெண்டு நிமிஷம் அசையாமல் நிற்க வேண்டும். அந்த மௌனம்தான் இந்தப் படைப்பின் மையமாம்.

பெண்கள் ரோட்டோரம் கூடையை வைத்துவிட்டு உட்கார்ந்தார்கள். பஸ் சத்தம் வந்தது. பிரேக். பிப்... பீஈஈப்! நான் கண்ணை மூடினேன்.

மௌனமாகத்தான் இருந்தது. ஒன்றரை நிமிஷம் கழித்து, "ஐயோ!" என்று தேவியின் குரல். கண்ணைத் திறந்தால், ஆறு பெண்களைக் காணோம்.

ரோட்டில் ரொம்ப தூரத்தில் ஆறு கூடைகள் போய்க்கொண்டிருந்தன! விசில் கேட்டதும் கூடையைத் தூக்கித் தலையில் வைத்து, தங்கள் பாட்டுக்கு நடையைக் கட்டிவிட்டார்கள். நாங்கள் இங்கே அவர்களுக்காகக் கண்ணை மூடி உருகிக்கொண்டிருக்கிறோம்.

"அம்மா! நிக்கணும்மா! ரெண்டு நிமிஷம் நிக்கணும்!" தேவி கத்தினாள். எதிர்க்காற்று. அவள் குரல் எங்களைத் தாண்டிப் பின்னால்தான் போனது. அவள் என்னைப் பார்த்தாள். "சார், ஸ்டாப் விசில் ஊதுங்க!"

விசில் சட்டைப் பையில்தான் இருந்தது. பழக்கதோஷம். மூச்சைப் பிடித்து ஊதினேன், ஒன்று. நீளமாக, கண்டிப்பாக.

ஒரு ஷேர் ஆட்டோ நின்றது. பால் வண்டிக்காரர் ஒருவர் நின்று திரும்பிப் பார்த்தார். சாலையைக் கடந்துகொண்டிருந்த நாய்கூட நின்றது. அந்த ஆறு பேர் நிற்கவில்லை.

ஓடினோம். இருபது ஜோடி ஷூக்கள் ஆறு ஜோடி ரப்பர் செருப்புகளைத் துரத்திய காட்சியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அடி எண்ணும் வாட்ச்காரர்தான் முதலில் தளர்ந்தார். அடுத்த ஸ்டாப்பில், அவர்கள் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருக்கும்போது, மூச்சு வாங்கியபடி போய்ச் சேர்ந்தோம்.

"விசில் ஊதினேனேம்மா, கேக்கலையா?" என்றேன்.

"கேட்டுச்சே" என்றார் கன்னியம்மா.

"அப்புறம் ஏன் நிக்கல?"

"எதுக்கு நிக்கணும்?"

"ஒரு விசில்னா நிக்கணும்மா. ஸ்டாப்."

கன்னியம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார். கேலி இல்லை. நிஜமாகவே புதிதாக ஏதோ கேள்விப்பட்ட முகம். பக்கத்தில் இருந்தவரைத் திரும்பிப் பார்த்து, "ஏ செங்கேணி, ஒரு விசிலுக்கு நிக்கணுமாமே, உனுக்குத் தெரியுமா?" என்றார்.

"இன்னாக்கா அது? எனுக்கு இன்னா தெரியும்?" என்றார் செங்கேணி.

"எங்களுக்கு ரெண்டுதான் சார் தெரியும். ரெண்டு அடிச்சா கூடயத் தூக்கு, நட. அவ்ளோதான். ஒன்னு நாங்க கேட்டதே இல்லியே."

சுண்ணாம்பைத் தடவிக்கொண்டே, சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு வெட்கமாக இருந்தது. வேறு சொல் எதுவும் தேட வேண்டியதில்லை, வெட்கம்தான். நான் ஒத்திகை பார்த்த உரையில் ஒரு வரியும் ஞாபகம் வரவில்லை.

"தப்பு பண்ணிட்டேம்மா" என்றேன்.

"தெரியும். அதுக்குத்தான உன்னியே இட்டார சொன்னேன்" என்றார் கன்னியம்மா. வெற்றிலையை வாயில் போட்டார். "உன் போட்டோவப் பாத்ததும் எனுக்கு ஒரே ஆசை சார். நீ பஸ்ஸுல ஏறாம இந்த ரோட்ட ஒரு தடவ பாக்கணும்னு. மீதிய அப்றம் பேசிக்கலாம். நட."

தேவி சும்மா இருக்கவில்லை. ரோட்டோரத்தில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்து, தன் ரெண்டு நிமிஷ மௌனத்தை எல்லா ஸ்டாப்பிலிருந்தும் வெட்டி எறிந்தாள். பல மாசம் யோசித்துச் செய்ததாம். "இனிமே விசில் கேட்டா யாரும் கண்ணை மூட வேணாம். நடங்க" என்றாள். அதன் பிறகு வாக் வேறு மாதிரி ஆகிவிட்டது. விசில் கேட்கும், எல்லோரும் கிளம்புவோம். துக்க வீட்டுக் களை எங்கேயோ போய்விட்டது. பேராசிரியை ஒருவர் செங்கேணியின் கூடையை வாங்கித் தலையில் வைத்துப் பார்த்தார். நாலு எட்டு வைப்பதற்குள் அது அவர் மூக்குக் கண்ணாடி மேல் இறங்கியது.

பெண்கள் பேசிக்கொண்டே வந்தார்கள். இந்த ரோட்டில் நடந்து நடந்து நாலு கல்யாணம் பேசி முடித்திருக்கிறார்களாம். "பஸ்ல போயிருந்தா இவ நாத்தனாருக்கு மாப்ள கெடச்சிருப்பானா?" என்று ஒரு சிரிப்பு. எனக்கும் சிரிப்பு வந்தது. அப்படியே கன்னியம்மா தேவியைக் காட்டி, "இவ வயித்துல ஏழு மாசம் இருக்கச்சொல்லோ வரைக்கும் நடந்தேன் சார். அதான் இவ கால் ஒரு எடத்துல நிக்காது" என்றார்.

தேவிக்கு இருபத்தொன்பது வயது. அந்த வருஷம் நான் எந்த ரூட்டில் இருந்தேன் என்று யோசித்தேன். இந்த ரூட்டில்தான் இருந்தேன்.

எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் கொஞ்சம் பின்தங்கி நடந்தேன். கன்னியம்மா அதைக் கவனித்திருக்க வேண்டும். கொஞ்ச நேரம் கழித்து ஒரு வெற்றிலையை மடித்து என் கையில் வைத்தார். எனக்கு வெற்றிலைப் பழக்கம் கிடையாது. வாங்கிப் போட்டுக்கொண்டேன்.

கேளம்பாக்கம் ஜங்ஷன். ஒன்பது மணிக்குள் வெயில் மண்டையைப் பிளந்தது. வாக் அங்கே முடிகிறது. ஐ.டி. இளைஞர்கள் கைதட்டினார்கள். தேவி எல்லோரிடமிருந்தும் ஹெட்போன்களை வாங்கிக்கொண்டு ஏதோ காரில் கிளம்பினாள். பெண்கள் குப்பத்துக்குத் திரும்ப பஸ் ஏற வேண்டும். இப்போதுதான் பெண்களுக்கு பஸ் இலவசமாயிற்றே. என் ஸ்கூட்டரும் அங்கேதான் நிற்கிறது. ஏழு பேருமாக ஸ்டாப்பில் நின்றோம்.

பஸ் வந்தது. நல்ல கூட்டம். டிரைவர் எங்களைத் தாண்டித் தள்ளிப் போய் நிறுத்துவார் போலத் தோன்றியது.

"ஊது சார்" என்றார் கன்னியம்மா. "அந்த ஒன்ன."

ரோட்டில் ஒரு அடி இறங்கினேன். ஊதினேன்.

எந்த டிரைவராக இருந்தால் என்ன, காலுக்கு விசில் தெரியும். உள்ளே அடித்ததா, வெளியே அடித்ததா என்று அது பார்க்காது. பஸ் அப்படியே நின்றது. பின்படி சரியாக அந்த ஆறு பேர் காலடியில் இருந்தது. நான் என் சர்வீஸில் எவ்வளவோ தடவை வண்டியை நிறுத்தியிருக்கிறேன். இவ்வளவு அழகாக ஒரு தடவையும் நிறுத்தியதில்லை.

கூடைகளோடு ஒவ்வொருவராக ஏறினார்கள். உள்ளே இருந்த இளம் கண்டக்டர் குழப்பமாகத் தன் விசிலை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பிறகு, "உள்ள போங்கக்கா, கூடைய சீட்டுக்கு அடியில தள்ளுங்க" என்றார். அவ்வளவுதான் விஷயம். ரெண்டு வாக்கியம்.

கன்னியம்மா கடைசி ஆள். ஒரு கால் படியில். திரும்பி என்னிடம் கையை நீட்டினார்.

"அந்த விசில குடு சார், பாத்துட்டுத் தரேன்."

கொடுத்தேன். அதை முந்தானையில் ரெண்டு தடவை துடைத்தார். படியில் ஏறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். நான் ஏறுவதற்காகக் காலைத் தூக்கினேன்.

பிப்... பீஈஈப்!

முதலாவது வெட்டு, ரெண்டாவது நீட்டு. அச்சு அசல் என் விசில். நான் ஊதினாலும் அவ்வளவு சுத்தமாக வந்திருக்காது.

டிரைவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பஸ் கிளம்பிவிட்டது. நாலு எட்டு ஓடினேன். "ஏம்மா!" என்று கத்தினேன். பின் ஜன்னலில் சிரிக்கும் ஐந்து முகங்கள். படியிலிருந்து கன்னியம்மா தலையை நீட்டினார்.

"பின்னாடி வண்டி வருது சார்!"

திரும்பிப் பார்த்தேன். எந்த வண்டியும் வரவில்லை.

சரோஜா போன் செய்தாள். "என்ன, அடிச்சாங்களா?" என்றாள். "இல்ல, நடந்து வந்துட்டிருக்கேன்" என்றேன். தொப்பியைப் போட்டுக்கொண்டு குப்பத்தைப் பார்த்து நடக்க ஆரம்பித்தேன்.

ஆறு கிலோமீட்டர் இருக்கும். தலையில் கூடைகூட இல்லை.